உள்ளுக்குள்ளே ஆட்கள் இருந்தார்களா?

புத்தளத்திலிருந்து வடக்கே, எழுவன்குளம் செல்லும் பாதையில் இருக்கிறது கரைத்தீவு. விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு வேறு. அது கிழக்குக் கரையைச் சேர்ந்தது. இது மேற்குக் கரை. களப்பும் உப்புக்காற்றும் மீன் வாடிகளுமாய்க் கிடக்கும் ஊர். வடக்கே போனால் வில்பத்துக் காடு.

அண்மையில் உறவுக்காரப் பிள்ளைகள் மூவருடன் அந்தப் பக்கம் போயிருந்தேன். ஒருவர் ரொறன்ரோவிலிருந்து, ஒருவர் இலண்டனிலிருந்து, மற்றவர் சென்னையிலிருந்து வந்தவர். மூவருக்கும் ஒரே பித்து: விமானம். சத்தத்தைக் கேட்டே வகையைச் சொல்வார்கள். வாலில் எழுதிய பதிவெண்ணைப் பார்த்தால் அது எந்த ஆண்டு எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது, எத்தனை கைகள் மாறியது என்று சாதகம் கணிப்பார்கள். களப்பில் போக வள்ளம் வரும்வரை ஒரு தேநீர்க் கடையில் காத்திருந்தோம்.

அப்போது ஒருவர் கைத்தொலைபேசியில் ஒரு காட்சியைக் காட்டினார். பழைய காலத்துப் பயணிகள் விமானம் ஒன்று. இரட்டை எந்திரம், சுழல்விசிறி, புதிதாகப் பூசிய வண்ணம். புறப்பட ஓடுகிறது. வால் மெல்ல எழுகிறது. சட்டென்று எந்திரச் சத்தம் தணிகிறது. விமானம் சற்றே ஒருபக்கம் சாய்ந்து, நேராகி, பாதை முடியுமுன் நிற்கிறது. ஒரு சக்கரத்தில் புகை. அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட இல்லை.

அதன்மேல் அரைமணி நேர வாதம் நடந்தது. எந்திரம் ஒருமுறை இருமியதற்கே விமானி பயந்துவிட்டார் என்றார் ஒருவர். இல்லை, நிறுத்தியதே தாமதம் என்றார் மற்றவர். மூன்றாமவர் வால் சக்கரத்தின் பூட்டைக் குறை சொன்னார். எந்திரத்தின் வகை, குதிரைசக்தி, விசிறியின் இதழ்கள், விமானத்தின் தொடரெண் எல்லாம் வந்து போயின.

கடைக்காரர் எழுபதைத் தாண்டியவர். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் பிறந்து, 1990 ஒக்டோபரில் அங்கிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்துக்கு வந்தவர். பிளேன்டியை மேசையில் வைத்தவர், எட்டி அந்தக் காட்சியைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

“உள்ளுக்கு ஆக்கள் இருந்தவங்களா, தம்பி?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தெரியாது காக்கா” என்றார் இலண்டன் தம்பி.

“அப்ப அரை மணித்தியாலமா என்னத்தைப் பார்த்தீங்க?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் பக்கம் நின்று எழுதப்படுவது.

* * *

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய விமானங்களை நேசிப்பவர்கள் மீது எனக்குப் பகை எதுவும் இல்லை. எனக்கும் அந்த மயக்கம் உண்டு. 1947 டிசெம்பர் 10 அன்று எயர் சிலோனின் முதல் விமானம், ‘சீதா தேவி’ என்று பெயர் சூட்டப்பட்ட டக்கோட்டா, இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மதராசுக்குப் பறந்தது. கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் சென்னையையும் ஒரே நூலில் கோத்த அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றும் மனம் இளகுகிறது. இரத்மலானையிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் டக்கோட்டாவின் முன் நின்றால் காலை நகர்த்த மனம் வராது.

என் வழக்கு இந்த நேசத்தின் மீது தொடுக்கப்பட்டதன்று. நேசம் தீர்ப்பாக மாறும் இடத்தில்தான் எனக்குச் சண்டை. இயந்திரத்தை அணு அணுவாக அறிந்தவர், அதற்குள் அமர்ந்திருந்த மனிதரைக் கணக்கிலேயே எடுக்காமல், ஒரு நிமிடக் காட்சியை வைத்துக்கொண்டு விமானியைக் கோழை என்றும் மூடன் என்றும் எழுதித் தள்ளுகிறார். புறப்பாட்டைக் கைவிட்ட விமானிதான் இவர்களுக்கு எப்போதும் மிக எளிதான இரை. போயிருந்தால் ‘ஏன் போனான்?’ நின்றுவிட்டால் ‘ஏன் நின்றான்?’

நிற்பது என்றால் என்ன என்பதை முதலில் பார்ப்போம்.

இன்றைய பயணிகள் விமானம் ஒவ்வொன்றும் ஓடத் தொடங்குமுன் விமானிகள் ஒரு வேகத்தைக் கணக்கிட்டு வைத்துக்கொள்கிறார்கள். ‘வி-ஒன்’ என்பார்கள், தமிழில் தீர்மான வேகம் எனலாம். விமானத்தின் எடை, ஓடுபாதையின் நீளம், காற்று, வெப்பம், பாதை ஈரமா உலர்ந்ததா என்பனவெல்லாம் அந்தக் கணக்கில் சேரும். அந்த வேகத்தை எட்டுமுன் பெருங்கோளாறு தெரிந்தால் நிறுத்தலாம். மிச்சப் பாதை போதும். எட்டிய பிறகு ஓர் எந்திரமே நின்றுபோனாலும் மேலெழும்புவதுதான் விதி. நிறுத்த முயன்றால் பாதைக்கு அப்பால் போய்விடக்கூடும். வேகம் இரட்டித்தால் தடுப்புகள் விழுங்கவேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. சக்கரத்தில் புகை வருவதைக் கண்டு கைகொட்டிச் சிரிப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். அந்தப் புகை, ஓடிய விமானத்தின் வேகமெல்லாம் வெப்பமாகிக் கரைந்ததன் அடையாளம்.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமும் விமானத் துறையினரும் சேர்ந்து ஜெட் விமானங்களின் புறப்பாட்டுப் பாதுகாப்பு பற்றி ஒரு பயிற்சி நூல் தயாரித்தார்கள். மூவாயிரம் புறப்பாடுகளுக்கு ஏறத்தாழ ஒன்று கைவிடப்படுகிறது என்றது அது. அவற்றில் நான்கில் மூன்று பங்கு, மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகத்திலேயே நிறுத்தப்பட்டவை; பயணி காப்பியைக்கூடச் சிந்தியிருக்கமாட்டார். விபத்தாக முடிந்தவற்றிலோ பாதிக்கு மேற்பட்டவை, தீர்மான வேகத்தைத் தாண்டிய பிறகு நிறுத்த முயன்றவை. ஆகவே உரிய நேரத்தில் நிற்பது விமானியின் தொழிலில் ஒரு பகுதி. அதற்குக் கிடைக்கும் அவகாசம் ஓரிரு விநாடி. நம் நண்பர்கள் எடுத்துக்கொண்டதோ அரைமணி. அதுவும் நாற்காலியில் அமர்ந்து, தேநீரோடு.

பழைய விமானத்தில் இது இன்னும் கடினம். டக்கோட்டா முதன்முதலில் பறந்தது 1935 டிசெம்பர் 17-இல். தீர்மான வேகம் கண்டிப்பான விதியாக நிலைபெறுமுன் பிறந்த விமானம் அது. வால் சக்கரத்தில் அமர்ந்து மூக்கை வானுக்கு நீட்டி நிற்கும். ஓட்டம் தொடங்கும்போது நேர் முன்னே உள்ள பாதை விமானிக்குச் சரியாகத் தெரியாது. வால் எழும்பிய பிறகுதான் பார்வை திறக்கும். அந்த நேரத்தில் பக்கக் காற்று ஒன்று தட்டினால் விமானம் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். கால்களிலும் கைகளிலும் நடக்கும் அந்தப் போராட்டம் எதுவும் வெளியே நின்று பிடித்த காட்சியில் தெரியாது.

பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்புகிற சமூகம் நம்முடையது. வாசலில் யாரேனும் தும்மினால் ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுவோம். ஆனால் காரணத்தோடு ஒருவன் திரும்பினால் அவனைத் தோற்றவன் என்கிறோம். சகுனத்துக்குக் கொடுக்கும் மரியாதையை அறிவுக்குக் கொடுக்க மறுக்கிறோம்.

* * *

புறப்பாட்டைக் கைவிடுவது பற்றிப் பேசுகிற எவரும் மியூனிக்கைக் கடந்து போக முடியாது.

1958 பெப்ரவரி 6. பிரித்தானிய ஐரோப்பிய விமான நிறுவனத்தின் ‘அம்பாசடர்’ வகை விமானம், மன்செஸ்டர் யுனைட்டட் கால்பந்துக் குழுவை பெல்கிரேடிலிருந்து ஏற்றிக்கொண்டு, எரிபொருள் நிரப்ப மியூனிக்கில் இறங்கியது. திரும்பப் புறப்படும்போது இடது எந்திரத்தின் அழுத்தம் ஏறி இறங்கியது. விமானிகள் நிறுத்தினார்கள். மறுபடி முயன்றார்கள், மறுபடி நிறுத்தினார்கள். பயணிகள் இறங்கி விமான நிலையக் கட்டடத்துக்குப் போனார்கள். இன்று பயணமில்லை என்று ஊருக்குத் தந்தி அடித்த ஆட்டக்காரரும் உண்டு. பிறகு அனைவரையும் மீண்டும் ஏற்றினார்கள். சனிக்கிழமை லீக் ஆட்டம் காத்திருந்தது.

மூன்றாவது முறை விமானம் நிற்கவில்லை. தீர்மான வேகமான மணிக்கு 217 கிலோமீட்டரை எட்டியது. ஆனால் பாதையின் கடைசிப் பகுதியில் உருகிய பனிச்சேறு கிடந்தது. அதில் சக்கரங்கள் புகுந்ததும் வேகம் 194-க்கு வீழ்ந்தது. எழும்பவும் வழியில்லை, நிற்கவும் வழியில்லை. வேலியை உடைத்துக்கொண்டு போய் ஒரு வீட்டில் மோதியது. 44 பேரில் 23 பேர் மாண்டார்கள். எட்டு ஆட்டக்காரர்கள். எட்டுப் பத்திரிகையாளர்கள். என் தொழிலைச் சேர்ந்த அந்த எட்டுப் பேரையும் நான் எப்போதும் சேர்த்தே எண்ணுவதுண்டு.

அதன் பின் நடந்ததுதான் நம் வாதத்துக்கு முக்கியம். கப்டன் ஜேம்ஸ் தெயின் உயிர் தப்பினார். இறக்கைகளில் படிந்த பனியை அகற்றாமல் புறப்பட்டதே காரணம் என்று ஜேர்மன் விசாரணை அவர்மேல் பழியைப் போட்டது. அதற்குச் சான்றாக நின்றவற்றில் ஒன்று ஒரு புகைப்படம். புறப்படுவதற்குச் சற்று முன் எடுக்கப்பட்ட, பத்திரிகைகளில் வெளியான படம். இறக்கைகளின் மேல் வெள்ளையாக ஏதோ தெரிந்தது, பனி என்றார்கள். பின்னர் மூலப் படச்சுருளை எடுத்துச் சோதித்தபோது அங்கே பனி இல்லை. ஒளி பட்டுத் தெறித்த பளபளப்பு அது!

தெயின் வேலையை இழந்தார். பனிச்சேறு விமானத்தின் வேகத்தை எவ்வளவு பிடித்திழுக்கும் என்பதைப் பரிசோதனைகள் காட்டிய பிறகும் அவர் பெயர் உடனே மீளவில்லை. 1969-இல்தான் பிரித்தானிய விசாரணை அவர்மேல் குற்றமில்லை என்றது. பதினோர் ஆண்டுகள். 1975-இல், தம் ஐம்பதுகளிலேயே அவர் இறந்துபோனார். மங்கிய ஒரு படத்தைப் பார்த்துவிட்டு ஒரு மனிதனுக்குத் தீர்ப்பு எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அந்தக் காலம் போய்விட்டது என்று எவரும் சொல்ல வேண்டாம். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் எயர் இந்தியா விமானம் புறப்பட்ட சில விநாடிகளில் வீழ்ந்து, தரையிலிருந்தோரும் சேர 260 பேர் இறந்தார்கள். முதல்நிலை அறிக்கை வருமுன்பே, தொலைவிலிருந்து பிடித்த சில விநாடிக் காட்சிகளை வைத்துக்கொண்டு எத்தனை பேர் எத்தனை காரணங்களைக் கண்டுபிடித்தார்கள்! அறிக்கை வந்த பிறகு, அதில் எழுதப்படாதவற்றையும் வாசித்து, இறந்துபோன விமானிகளைக் கூண்டில் ஏற்றினார்கள். இறந்தவர்கள் பதில் சொல்ல வரமாட்டார்கள் என்ற துணிவு அன்றி வேறென்ன?

* * *

இனி, அந்தத் தேநீர்க் கடைக்கே திரும்புகிறேன். அந்தக் கேள்வி அந்தப் பெரியவருக்கு மட்டும் ஏன் தோன்றியது?

காரணம் அவர் கடைக்கு எதிரேயே இருந்தது. “அந்தக் காலத்தில யாழ்ப்பாணத்துக்குப் போற பிளேன் எல்லாம் இந்தக் கடலுக்கு மேலாலதான் போகும் தம்பி. எங்கட ஊருக்குப் போற பிளேன். பார்த்துக்கொண்டு நிற்பம். நாங்க ஏறேலாது” என்றார் அவர்.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி அடைபட்டிருந்தது. 2002 போர்நிறுத்தத்தின் பின் ஏ-9 பாதை திறக்கும்வரை, குடாநாட்டிலிருந்து வெளியே வர இருந்த வழிகள் கப்பலும் விமானமும்தான். பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையே பறந்தவை, உலகம் வேறிடங்களில் ஓய்வு கொடுக்கத் தொடங்கியிருந்த பழைய வகை விமானங்கள். இன்று ஆர்வலர்கள் தேடித் தேடிப் படம் பிடிக்கும் அந்தொனோவ்-24 அவற்றுள் ஒன்று. கீயெவில் வடிவமைக்கப்பட்டு 1959-இல் முதலில் பறந்த வகை. அதன் ‘ஆர்வி’ மாதிரியில், வெப்பமான இடங்களில் புறப்பாட்டுக்கு உதவ, வலது எந்திரக் கூட்டுக்குள் சிறிய ஜெட் ஒன்றும் இருக்கும். ஆர்வலருக்கு இது இனிக்கும் செய்தி. பலாலியில் வரிசையில் நின்ற மூதாட்டிக்கு அது மருத்துவமனைக்கும் மகனுக்கும் போகிற ஒரே வண்டி.

1998 செப்டெம்பர் 29. லயன் எயர் நிறுவனத்தின் 602-ஆம் இலக்கப் பயணம். பெலருஸ் நாட்டிலிருந்து வாடகைக்கு எடுத்த அந்தொனோவ்-24ஆர்வி. 48 பயணிகள், 7 பணியாளர்கள். பலாலியிலிருந்து எழுந்த சிறிது நேரத்திலேயே தொடர்பு அற்றது. ஒருவரும் மீளவில்லை. பயணிகளில் பெரும்பாலோர் தமிழர்.

விடுதலைப் புலிகளே அதைச் சுட்டு வீழ்த்தினார்கள். போர் முடிந்த பின், பிடிபட்ட முன்னாள் போராளி ஒருவர் தந்த தகவலைக் கொண்டு 2012 ஒக்டோபரில் இரணைதீவுக்கு அப்பால் கடலடியில் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. 2014 ஜனவரியில், மீட்கப்பட்ட உடைகளும் பொருட்களும் அடையாளம் காண்பதற்காக யாழ்ப்பாணத்தில் உறவினர் முன் வைக்கப்பட்டன. பதினைந்து ஆண்டு உப்புநீரில் கிடந்த ஒரு சட்டையைப் பார்த்து, இது என் பிள்ளையுடையதா என்று ஒரு தாய் தேடவேண்டியிருந்தது.

தமிழருக்காகவே துவக்கு ஏந்தியதாகச் சொன்னவர்கள் தமிழர் நிறைந்த பயணிகள் விமானத்தைக் கடலில் வீழ்த்தினார்கள். இதைச் சொல்ல நம்மில் பலருக்கு இன்னும் நாக்கு எழவில்லை. எழவேண்டும். அதே மூச்சில் மற்றதையும் சொல்லவேண்டும்: தரைவழியை மூடி, ஒரு மக்கள் கூட்டம் முழுவதையும் போர் நடக்கும் வானத்தின் வழியே போகும்படி விட்டது அரசு. இராணுவத்தினரையும் பொதுமக்களையும் ஏற்றிப் பறப்பது பற்றிப் புலிகளின் எச்சரிக்கை விமான நிறுவனத்துக்கு முன்பே வந்திருந்ததாக அக்காலச் செய்திகள் கூறின. எச்சரிக்கை வந்த பிறகும் ‘இன்று வேண்டாம்’ என்று புறப்பாட்டை நிறுத்தவேண்டியவர் யார்? பயணியா? பல நாள் காத்திருந்து அனுமதியும் இருக்கையும் பெற்றவர் எப்படி வேண்டாம் என்பார்? அந்த 48 பேரின் தீர்மான வேகம் ஓடுபாதைக்கு வருமுன்பே கடந்து போயிருந்தது. நிற்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை.

ஆர்வலர் பட்டியல்களில் இந்த விமானம் இருக்கிறது. வகை, பதிவெண், உரிமையாளர், நாள், ‘55 உயிரிழப்பு’. எல்லாம் சரி. அந்த 55-க்குப் பக்கத்தில் வேறொன்றும் இல்லை.

* * *

எனினும் பிறருக்கு உபதேசம் செய்யுமுன் என் கணக்கையும் நான் காட்டவேண்டும்.

அந்த ஆண்டு நான் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்தேன். இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை இருந்த காலம். அன்று மாலை நாங்கள் முதலில் சரிபார்த்தது எதை என்று நினைக்கிறீர்கள்? விமானத்தின் வகையை. அந்தொனோவ் 24-ஆ, 32-ஆ என்று மூன்று இடங்களுக்குத் தொலைபேசியில் கேட்டோம். பயணிகளின் பெயர்கள் கைக்கு வந்தபோது உள்பக்கத்தில், சிறிய எழுத்தில், இடத்துக்கு ஏற்ப வெட்டிப் போட்டோம். எந்தப் பெயரை வெட்டினோம் என்று இன்று எனக்கு நினைவில்லை. பிறகு வேறு செய்திகள் வந்தன. அந்தப் பெயர்களிடம் நான் திரும்பிப் போகவே இல்லை. விமானத்தின் இலக்கம் மட்டும் இன்றும் மனத்தில் நிற்கிறது. தணிக்கையாளர் மேல் பழி போட முடியாத தவறு இது.

ஆகவே அந்த மூன்று இளைஞர்களைவிட நான் உயர்ந்தவன் என்று எண்ணி இதை எழுதவில்லை. அவர்களுக்கு வயது குறைவு. எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்லவேண்டும். நிற்பதிலும் ஆபத்து உண்டு என்பதை மறைத்து வாதாடினால் அது நேர்மையாகாது. 2005 செப்டெம்பர் 8 அன்று கட்டுநாயக்காவில் சவூதி விமான நிறுவனத்தின் போயிங் 747 ஒன்று புறப்பாட்டுக்காக நகர்ந்துகொண்டிருந்தபோது, குண்டு இருப்பதாக ஒரு பொய்த் தொலைபேசி வந்தது. விமானம் நிறுத்தப்பட்டு, அவசரச் சறுக்குகள் வழியே பயணிகள் இறக்கப்பட்டார்கள். நெரிசலில் ஒருவர் உயிரிழந்தார். 62 பேர் காயமுற்றார்கள். குண்டு எதுவும் இருக்கவில்லை. பயணிகளில் பலர் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகிறவர்கள். புத்தளத்திலிருந்தும் கற்பிட்டியிலிருந்தும் ஆண்டுதோறும் இப்படிப் போகும் பெண்கள் எத்தனை பேர்! அவர்களில் முதன்முறை விமானம் ஏறுபவளுக்கு, சறுக்கில் எப்படி இறங்குவது என்று அவள் மொழியில் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எந்தக் கதவு, எந்தக் கட்டளை, கைப்பையை விட்டுவிட வேண்டும் என்பதை அவளுக்குப் புரியும் தமிழிலும் சிங்களத்திலும் சொல்வது விமானத்தின் எந்திரத்தைப் போலவே பாதுகாப்பின் உறுப்பு. ‘உள்ளுக்கு ஆக்கள் இருந்தவங்களா’ என்று கேட்கத் தொடங்கினால்தான் இந்தக் கேள்விகளெல்லாம் பிறக்கும். எந்திரத்தை மட்டும் பார்த்தால் அன்று கட்டுநாயக்காவில் நடந்தது ஒன்றுமே இல்லை. விமானம் பழுதில்லாமல் நின்றிருந்தது.

* * *

வள்ளத்தில் போகும்போது ரொறன்ரோத் தம்பி என்னிடம் கேட்டார்: “மாமா, நாங்கள் இயந்திரத்தை ரசிக்கிறோம். அதற்குள் ஏன் அரசியலையும் சாவையும் கொண்டுவருகிறீர்கள்?”

நியாயமான கேள்விதான். என் பதில் இது. பயணிகள் விமானம் என்ற பெயரிலேயே பயணி இருக்கிறான். அவனை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அலுமினியம். டக்கோட்டா ஏன் நேசிக்கப்படுகிறது? அது சுமந்த மனிதர்களால், அது இணைத்த ஊர்களால். ‘சீதா தேவி’ காங்கேசன்துறையில் இறங்காமல் போயிருந்தால் எனக்கு அவள்மேல் என்ன பாசம்? பலாலி 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டுச் சென்னை விமானம் வந்திறங்கியபோது நம்மவர்கள் கண்கலங்கியது ஏடிஆர் விமானத்தின் விசிறியைக் கண்டா?

ஆர்வலர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அரசுகள் தூக்கியெறிந்த ஆவணங்களைக் காத்தவர்கள் அவர்கள். மியூனிக் கப்டனின் பெயரை மீட்க உதவியதும் யாரோ ஒருவர் எறிந்துவிடாமல் வைத்திருந்த மூலப் படச்சுருள்தானே? கூர்ந்து பார்க்கும் கண் அவர்களிடம் இருக்கிறது. அந்தக் கண்ணை ஓர் அங்குலம் நகர்த்தி, சன்னல்களுக்குள்ளும் பாருங்கள் என்றே கேட்கிறேன்.

விமானம் ஒன்று ஓடி நின்றால், தீர்ப்புக்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். உள்ளே யார் இருந்தார்கள்? அந்த விநாடியில் விமானிக்கு என்ன தெரிந்திருந்தது? ‘போ’ என்று அவரை அழுத்தியது எது: கால அட்டவணையா, பணமா, கூடிநின்ற கூட்டமா? நின்ற பிறகு என்ன ஆயிற்று? இவற்றுக்கு விடை தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்று சொல்லுங்கள். பத்திரிகையாளனாக நான் மிகப் பிந்திக் கற்ற சொல் அது.

லயன் எயர் 602-ஐப் பற்றி எழுதும் தமிழர் ஒவ்வொருவரும் விமானத்தின் பதிவெண்ணோடு நிறுத்தாமல் ஒரு பெயரையாவது, உறவினர் சம்மதத்தோடு, தேடி எழுதுங்கள். யார் அவர், எதற்காக அன்று கொழும்புக்குப் புறப்பட்டார் என்று எழுதுங்கள். கொன்றவரைக் காப்பாற்ற ஒரு கூட்டமும், அனுப்பியவரைக் காப்பாற்ற இன்னொரு கூட்டமும் நம்மிடையே உண்டு. இறந்தவர் பக்கம் நிற்கத்தான் ஆள் குறைவு. இதை நான் 1998-இலேயே செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. இனியாவது செய்வேன்.

மாலையில் கரை திரும்பியதும் மீண்டும் அந்தக் கடைக்குப் போனோம். இலண்டன் தம்பி இடையில் எங்கோ விசாரித்திருந்தார் போலும். பெரியவரிடம் தானாகவே போய்ச் சொன்னார்:

“காக்கா, அந்த விமானத்தில ஆக்கள் இருந்தவங்க. எல்லாரும் இறங்கி நடந்து போயிட்டாங்களாம்.”

பெரியவர் கேத்தலை இறக்கி வைத்தார்.

“அப்ப ஓட்டினவன் நல்லவன்” என்றார்.